மூன்று ‘ஆம்’, ஒரு பிணம்

ஜன்னல் கண்ணாடியைச் சிதறடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்த இரும்புக் கம்பி, மாப்பிள்ளையின் காதோரத்து மயிரைத் தொட்டுவிட்டுப் பின்சுவரில் மோதி விழுந்தது. அவர் கம்பியைப் பார்த்தார். பிறகு காதைத் தடவிப் பார்த்தார். காது இருந்தது.

“அத்தை, கல்யாணத்துக்கு முன்னாடி ‘எங்க குடும்பத்துல எல்லாரும் சாந்தமானவங்க’ன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?”

“குடும்பத்தைப் பத்திக் கேட்டீங்க, சொன்னேன். தொழிலைப் பத்திக் கேக்கலையே” என்றார் அத்தை. “மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுங்க மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை இழுத்தார். அத்தை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துச் சேதங்களை ஆராய்ந்து, பொய்க் கோரிக்கைகளின் தோலை உரித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு ஒத்துவராததால் துப்பறியத் தொடங்கியவர். மகளைக் கட்டிய பாவத்துக்காக, மாப்பிள்ளை அவருக்கு ஓட்டுநரும் உதவியாளரும் வசவு வாங்கும் ஆளுமாக ஆகியிருந்தார்.

மேசைக்குப் பின்னால், சுவர் மூலையில், ஒரு மனிதன் குந்தியிருந்தான். உதடு கிழிந்திருந்தது. இடக்கண் வீங்கி மூடிவிட்டது. பழைய இரும்புக் கிடங்கின் அமுக்கு இயந்திரத்தை இயக்குபவன். அதனால் எல்லோருக்கும் அவன் ‘லீவர்’. அன்று சாப்பாட்டு இடைவேளையில் அவன் லீவரை இழுத்தபோது, இயந்திரத்தின் தொட்டிக்குள் கிடங்கின் சூப்பர்வைசர் இருந்தார். ஒரு காரை மடித்துப் பெட்டியாக்கும் இரும்புப் பாளம் அவர் இடுப்பின்மேல் இறங்கியது. அலறலைக் கேட்டு லீவர் பாளத்தை உயர்த்தியபோது, உயர்த்தி ஆகப்போவது எதுவும் இல்லை.

முதல் நாள்தான் சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் லீவரைக் கன்னத்தில் அறைந்திருந்தார். போதாதா? கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சொல்லிக் கொடுத்த நாக்குகள் தேய்ந்துபோயின. அதைக் கேட்டு வளர்ந்த கைகளோ சம்மட்டியைத்தான் தேடுகின்றன. கிடங்கின் ஆட்கள் அத்தனை பேரும் இரும்புப் படிகளில் ஏறி, உயரத்தில் இருந்த அந்த இயக்க அறையின் கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி தொலைபேசியில் அத்தையை வரச் சொல்லிவிட்டுத் தலைமறைவாகிவிட்டார். போலீஸ் வருவதற்கு அரைமணி நேரமாவது ஆகும். கதவோ பத்து நிமிடத்துக்குமேல் தாங்காது.

“வெளியே தள்ளுங்கம்மா அவனை!” என்று ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் வெடித்தது. செத்தவரின் தம்பி; அதே கிடங்கில் பாரம் ஏற்றுபவன். சம்மட்டி அவன் கையில்தான் இருந்தது. “எங்க அண்ணனை நசுக்கின மாதிரி அவனை நசுக்கணும்!”

“அப்படிக் கேளுடா தம்பி!” என்று பின்னாலிருந்து தூபம் போட்டான் மேஸ்திரி. பாரம் ஏற்றுபவர்களுக்குத் தலைவன். இரும்பைக் குத்தி இழுக்கும் கொக்கி எப்போதும் அவன் தோளில் தொங்கும். “சாவி அவர் பாக்கெட்டுல இருந்துச்சு! இதுக்கு மேல என்னடா சாட்சி வேணும்?”

அத்தை லீவரின் பக்கம் திரும்பினார். “நீ சொல்லுப்பா. சுருக்கமா.”

“பலகைல என்ன போட்டிருக்கோ அதைத்தாங்க செஞ்சேன்.” அவன் சுவரைக் காட்டினான். “கதவு மூடியிருந்துச்சு. மணி அடிச்சுது. பச்சை எரிஞ்சுது. மூணும் ஆம். மூணும் ஆம்னா இழுக்கணும். இழுத்தேன்.”

சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு கரும்பலகை. அதன் இடப்புறத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, மூன்று கேள்விகள்: தொட்டியின் கதவு மூடியிருக்கிறதா? கீழிருந்து மணி அடித்ததா? பச்சை விளக்கு எரிகிறதா? அவற்றுக்கு எதிரே கட்டம் கட்டமாக ‘ஆம்’, ‘இல்லை’ ஆகியவற்றின் சேர்க்கைகள். ஒவ்வொன்றின் அடியிலும் செய்ய வேண்டியது: ‘இழு’, ‘இழுக்காதே’, ‘சங்கு ஊது’. கதவு திறந்திருந்தால் மற்ற இரண்டையும் பார்க்கவே வேண்டாம் என்பதற்காக, அந்த இடங்களில் வெறும் கோடு. குழப்பமான நேரத்தில் மனிதன் யோசிக்கக் கூடாது, பார்த்துச் செய்ய வேண்டும் என்று எவரோ ஒரு பொறியாளர் எழுதி வைத்த தீர்மான அட்டவணை அது. ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லாமல் எழுதியிருந்தார். அந்தக் கிடங்கில் பிழையில்லாமல் இருந்தது அது ஒன்றுதான்.

“இங்கேருந்து தொட்டிக்குள்ள தெரியாதா?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

“தெரியாதுங்க. விளிம்பு மறைக்கும். மேல ஒரு கண்ணாடி மாட்டியிருந்தாங்க. தகடு தெறிச்சு உடைஞ்சிடுச்சு. புதுசு வாங்கறேன், வாங்கறேன்னு சொல்லிட்டே இருந்தாங்க.”

“பச்சை விளக்கு எப்ப எரியும்?”

“தொட்டிக் கதவுக்குப் பக்கத்துல சாவித் துளை இருக்கு. சாவி அதுல இருந்து திருப்பியிருந்தாத்தான் பச்சை. யாரு உள்ள இறங்கினாலும் சாவியைப் பிடுங்கிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுத்தான் இறங்குவாங்க. எங்க வழக்கம் அது. சாவி இல்லாம விளக்கு எரியாது. ஆனா எரிஞ்சுதுங்க! என் பிள்ளை மேல சத்தியமா எரிஞ்சுது!”

“வேற சாவி?”

“கிடையாது. ஒண்ணே ஒண்ணுதான். அதுதானே காவலே.”

கதவின் மேற்கீல் ஒன்று ‘டங்’கென்று தெறித்தது. மாப்பிள்ளை முதுகை மேசைமேல் சாய்த்து முட்டுக்கொடுத்தார்.

“அத்தை, இவன் பொய் சொல்றானா, நிஜம் சொல்றானான்னு சீக்கிரம் கண்டுபிடிச்சிடுங்க. என் முதுகெலும்பு ஒவ்வொரு எலும்பா ராஜினாமா கொடுக்குது.”

“அது வேண்டாத கேள்வி மாப்பிள்ளை.”

“என்னது?”

அத்தை பலகைக்கு அடியில் கிடந்த சுண்ணக்கட்டியை எடுத்தார். முட்டி வலிக்கத் தரையில் அமர்ந்தார். சிமெண்டுத் தரையில் நான்கு கட்டங்கள் போட்டார். தலைக்கு மேலே கண்ணாடித் துண்டுகள் உதிர்ந்துகொண்டிருந்தன. அவர் வீட்டு வாசலில் கோலம் போடுவது போல நிதானமாகப் போட்டார்.

“ரெண்டு கேள்வி. ஒண்ணு, லீவர் சொல்றது நிஜமா? ரெண்டு, பாளம் இறங்கினப்போ சாவி பாக்கெட்டுல இருந்துச்சா? நாலு சேர்க்கை. முதல்ல, அவன் சொல்றது நிஜம், சாவி பாக்கெட்டுல. நடக்குமா?”

“நடக்காது. சாவி இல்லாமப் பச்சை எரியாதே.”

“அடிச்சுட்டேன் அதை. அடுத்து, அவன் சொல்றது பொய், ஆனா சாவி பாக்கெட்டுல இல்ல. துளையிலதான் இருந்துச்சு.”

“அப்ப பச்சை நிஜமாவே எரிஞ்சிருக்கும். எரிஞ்ச விளக்கை எரிஞ்சுதுன்னு சொன்னா அது எப்படிப் பொய்யாகும்? அதையும் அடிச்சிடுங்க.”

“மிச்சம் ரெண்டு. பொய், சாவி பாக்கெட்டுல. அது வெளியே நிக்கறவங்க கட்டம். நிஜம், சாவி பாக்கெட்டுல இல்ல. அது லீவரோட கட்டம். இப்ப பாருங்க. சாவி எங்கே இருந்துச்சுன்னு தெரிஞ்சுட்டாப் போதும், இவன் யோக்கியனா அயோக்கியனான்னு தானா வந்துடும்.” லீவரின் பெயருக்கு எதிரே இருந்த ‘நிஜம்’, ‘பொய்’ இரண்டையும் புறங்கையால் அழித்துவிட்டு, அங்கே ஒரு கோடு இழுத்தார். “ஊரே இவன் சட்டையைப் பிடிச்சுக் கேக்குது. கேக்க வேண்டியது இவனை இல்ல. சாவியை.”

“சாவி வாயைத் திறந்து பேசுமா அத்தை?”

“உங்களைவிடக் குறைவாப் பேசும். அது ஒரு நிம்மதி.”

அவர் எழுந்து உடைந்த ஜன்னலருகே போனார். இரண்டு கைகள் உள்ளே நீண்டு அவர் முந்தானையைப் பற்றின. அவர் அசையவில்லை.

“தம்பி! உங்க அண்ணன் பாக்கெட்டைத் துழாவினது யாரு?”

சம்மட்டி நின்றது. தம்பியின் முகம் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே தெரிந்தது. அழுது அழுது கண்கள் சிவந்திருந்தன. “நான்தான். மேஸ்திரி அண்ணன் தூக்கி வெளியே போட்டாரு. ‘பாக்கெட்டைப் பாருடா’ன்னாரு. பார்த்தேன்.”

“அதுல இருந்ததெல்லாம் எங்கே?”

அவன் மடியிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தான். கொடுக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டான்.

“எங்கிட்டக் கொடுங்க. அந்தச் சாவி இவனைக் கொலைகாரன்னு சொல்லிச்சுன்னா, கதவை நானே திறந்து விடறேன்.”

“அத்தை!” என்றார் மாப்பிள்ளை. லீவரின் வாயிலிருந்து கேவல் ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

“எதுக்குடா கொடுக்கறே?” என்று மேஸ்திரி கத்தினான். “கிழவி ஏமாத்தறா!” ஆனால் முடிச்சு அதற்குள் கைமாறிவிட்டது.

அத்தை அதை ஜன்னல் கட்டையிலேயே, தம்பியின் கண்ணெதிரே அவிழ்த்தார். ஓர் இரும்புச் சீப்பு: இரண்டாக மடிந்து, பற்கள் பற்களைக் கடித்துக்கொண்டிருந்தன. நாணயங்கள் சில: ஒன்றுக்குள் ஒன்று பதிந்து, பிரிக்க முடியாத ஒற்றைக் கட்டியாகிவிட்டிருந்தன. அவற்றின் அருகே, ஆட்காட்டி விரல் நீளத்தில், ஒரு பித்தளைச் சாவி.

அது குச்சிபோல நேராக இருந்தது.

“எல்லாம் ஒரே பாக்கெட்டா தம்பி?”

“ஒரே பாக்கெட்தான்.” அவன் குரல் உள்வாங்கியது. “வலது பக்கம்.”

“இரும்புச் சீப்பு மடிஞ்சுது. காசு கட்டியாச்சு. பித்தளை மட்டும் பாயில படுத்துத் தூங்கிட்டு எழுந்து வந்துச்சாக்கும்!” என்றார் மாப்பிள்ளை, மேசைமேலிருந்தபடியே.

“கண்ணுக்கு நேராத் தெரியறது உள்ளே கோணியிருக்கலாம்” என்றார் அத்தை. “போட்டுத் திருப்பிப் பார்த்துடுவோம். மாப்பிள்ளை, தம்பியோட கீழே போங்க. நான் லீவரோட இருக்கேன்.”

மேசையைச் சற்று நகர்த்தி, கதவிடுக்கு வழியாக மாப்பிள்ளை இறங்கினார். கூட்டம் விலகியது, விலகும்போதே இரண்டு முழங்கைகள் அவர் விலாவை விசாரித்தன. மேஸ்திரியும் மற்றவர்களும் பின்னாலேயே இறங்கினார்கள். கீழே தொட்டியின் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே நசுங்கிய தகடுகளுக்கு இடையில் சிவப்புச் செப்புக் கம்பிச் சுருள்கள் எட்டிப்பார்த்தன. அவற்றின்மேல் இரத்தம் கருத்து உறைந்திருந்தது. பழைய இரும்புக் கட்டுக்கு நடுவே செம்பு எதற்கு? சூப்பர்வைசர் எதைத் தோண்ட அதற்குள் இறங்கினார் என்பது மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. இரும்பு விலையில் செம்பு வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. பாரம் ஏற்றுபவர்களின் தலைவன் அறியாமல் அது போகுமா?

தம்பி சாவியைத் துளையில் நுழைத்தான். திருப்பினான். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல அது திரும்பியது. மேலே, இயக்க அறையின் உடைந்த ஜன்னலில் பச்சை ஒளி படர்ந்தது.

தம்பி சாவியின்மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றான்.

“அப்ப…” என்றான் மெல்ல. “அமுக்கினப்போ இது இங்கேதான் இருந்திருக்கு. பாக்கெட்டுக்குள்ள அப்புறமாத்தான் போயிருக்கு.” அவன் தலை திரும்பியது. “மேஸ்திரி அண்ணே. எங்க அண்ணனை முதல்ல தொட்டது நீங்கதானே?”

பதில் கொக்கியாக வந்தது.

கொக்கியின் முனை தம்பியின் நெற்றியைப் பிளந்துகொண்டு போனது. இரத்தம் இரு கண்களையும் மூடிக்கொண்டு வழிய, அவன் கதவின்மேல் சாய்ந்தான். இரண்டாம் வீச்சு அவன் கழுத்துக்கு வந்தது. மாப்பிள்ளை வீரர் அல்லர். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் மனைவியைக் கூப்பிடுபவர். ஆனாலும் அவர் கால்கள் அவரைக் கேட்காமலே பாய்ந்தன. மேஸ்திரியின் இடுப்பைக் கட்டினார். கொக்கி திசைமாறி அவர் தோளில் இறங்கிச் சட்டையோடு சதையையும் கவ்வியது. அதே வேகத்தில் இருவரும் திறந்த கதவுக்குள் உருண்டு, தொட்டியின் அடியில் தகடுகள்மேல் விழுந்தார்கள்.

கதவு அறைந்து மூடிக்கொண்டது. கண் தெரியாத தம்பி அதைத் தோளால் முட்டி மூடிவிட்டான்.

“மாட்டினான்டா! மேஸ்திரி உள்ள மாட்டினான்டா!” என்ற அவன் அலறல் இரும்புச் சுவருக்கு அப்பால் கேட்டது.

உள்ளே மேஸ்திரி மாப்பிள்ளையின் மார்பில் ஏறி உட்கார்ந்தான். இரண்டு பெருவிரல்களும் தொண்டைக்குழியைத் தேடிப் பிடித்தன.

“தோண்டாதே, தோண்டாதேன்னு எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா அவன்கிட்ட? குனியறப்போ சாவி தொடையில குத்துதுன்னு அவனே என் கைல கொடுத்தான்டா! ‘பிடிச்சுக்க மேஸ்திரி’ன்னான்! நான் பிடிச்சுக்கிட்டேன்! அப்புறம் துளையில போட்டுத் திருப்பி, மணியை அடிச்சேன்!”

மாப்பிள்ளையின் கண்ணுக்குள் கறுப்புப் பூக்கள் பூத்தன. துழாவிய கைக்கு ஒரு கார்க் கதவின் கைப்பிடி அகப்பட்டது. அதை மேஸ்திரியின் தாடையில் வீசினார். பல்லொன்று அவர் கன்னத்தில் வந்து விழுந்தது. மறுபடியும் வீசினார். பிடி தளர்ந்தது.

அப்போது மணி அடித்தது.

இருவரும் உறைந்துபோனார்கள். தம்பி மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்குவது போன்ற அடி.

“அமுக்குடா லீவர்! உன்னை மாட்டிவிட்டவன் உள்ளதான் இருக்கான்! அமுக்கு!” கூட்டம் முழுவதும் அதே சொல்லைக் கூவியது. சற்று முன்பு லீவரைக் கிழிக்க வந்த அதே தொண்டைகள்! மாப்பிள்ளையும் உள்ளே இருப்பது அவர்களில் எவருக்கும் நினைவில்லை.

மாப்பிள்ளை மேலே பார்த்தார். ஓர் அறை அகலத்துக்கு இரும்புப் பாளம் தொங்கியது. அதன் அடிப்பரப்பில் ஒரு துணிக்கிழிசல் ஒட்டியிருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு வேடிக்கைப் பேச்சு எதுவும் தோன்றவில்லை. பலகைதான் தோன்றியது. கதவு மூடியிருக்கிறதா? ஆம். மணி அடித்ததா? ஆம். பச்சை எரிகிறதா? சாவி துளையில் இருக்கிறது, ஆம்.

மூன்றும் ஆம் என்றால், இழு.

மேஸ்திரிக்கும் பலகை மனப்பாடம். அவன் வாயில் இரத்தம் கொப்பளிக்க எழுந்து சுவரை அறைந்தான். “அமுக்காதீங்கடா! ஆள் இருக்கு! சாவியை எடுங்கடா, சாவியை எடுத்துடுங்கடா!”

சூப்பர்வைசரும் இப்படித்தான் கத்தியிருப்பார். கூட்டத்தின் கூச்சலில் மேஸ்திரியின் குரல் எவர் காதிலும் விழவில்லை. மேலே எங்கோ எண்ணெய்க் குழாய்கள் முனகின. பாளம் ஒருமுறை குலுங்கியது. மாப்பிள்ளை கண்களை மூடிக்கொண்டார்.

நின்றது.

கூட்டத்தின் கூச்சலும் மெல்ல ஓய்ந்தது. பிறகு இரும்புப் படிகளில் காலடிகள்: ஒரு காலை இழுத்து இழுத்து இறங்கும் மனிதனின் காலடிகள். ஏதோ தகடுகளின்மேல் கைவைத்து ஏறும் ஓசை. தொட்டியின் விளிம்புக்கு மேலே, ஒரு கண் மூடி, உதடு கிழிந்து, ஒரு முகம் தோன்றியது.

“உள்ள யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டான் லீவர்.

மாப்பிள்ளை தொண்டையைத் தடவிக்கொண்டார். “ரெண்டு பேர் இருக்கோம்” என்றார் கரகரப்பாக. “ஒருத்தன் போலீசுக்கு. இன்னொருத்தன் பொண்டாட்டிக்கு. ரெண்டு பேருக்கும் அடி நிச்சயம்.”

போலீஸ் வந்து மேஸ்திரியைத் தூக்கிக்கொண்டு போகும்வரை, தம்பி தொட்டிக் கதவின் அருகிலேயே மண்ணில் உட்கார்ந்திருந்தான். யாரோ அவன் நெற்றிக்குத் துணி கட்டியிருந்தார்கள். லீவர் அவன் முன்னால் போய் நின்றான். பிறகு உட்கார்ந்தான்.

“ஏன்டா அமுக்கல?” என்றான் தம்பி. “அவன்தான்னு தெரிஞ்சுமா?”

“உங்க அண்ணனை எட்டிப் பார்க்காம அமுக்கினேன். இன்னொரு தடவை அப்படிச் செய்ய என்னால முடியல.”

தம்பி அவனை அடிக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. துளையிலிருந்து சாவியை உருவிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான்.

இயக்க அறையில் அத்தை, மாப்பிள்ளையின் தோளில் இரத்தம் கசிந்த இடத்தைத் தம் முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க தடுத்தீங்களா அத்தை?”

“எனக்கு நேரம் ஏது? வாயைத் திறக்கறதுக்குள்ள அவன் கை லீவர்ல இருந்துச்சு. இழுக்க ஆரம்பிச்சான். பலகையைப் பார்த்தான். அப்புறம் சூடு பட்ட மாதிரி கையை எடுத்தான். என் மகளுக்கு என்ன பதில் சொல்றதுன்னு நான் யோசிச்சுட்டிருந்தேன்.”

லீவர் படியேறி வந்தான். யாரிடமும் எதுவும் கேட்காமல் சுண்ணக்கட்டியை எடுத்தான். பலகையில் மூன்று கேள்விகளுக்கும் மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே, கோணல் எழுத்தில், நான்காவதை எழுதினான்: இறங்கிப் போய் உள்ளே பார்த்தாயா?

“நாலு கேள்வின்னா கட்டம் இரட்டிப்பாகும்பா” என்றார் அத்தை. “பலகை போதாது.”

“போதும்மா.” அவன் அந்த வரிசையில் ‘இல்லை’ என்று எழுதினான். அதன்கீழே கதவுக்கு ஒரு கோடு, மணிக்கு ஒரு கோடு, பச்சைக்கு ஒரு கோடு. “இதுக்கு ‘இல்லை’ன்னு வந்துட்டா, மத்தது எதுவா இருந்தா என்னங்க?”

அடியில் ‘இழுக்காதே’ என்று எழுதும்போது சுண்ணக்கட்டி ஒடிந்துவிட்டது. கையில் மிஞ்சிய துண்டால் எழுதி முடித்தான்.